லாபம் ஒரு லட்சம், பாங்கில் ஐயாயிரம்

மார்ச் கணக்கை முடித்து, ஜூன் ஜூலை வாக்கில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு ஃபைல் வரும். உள்ளே நாலைந்து தாள், ஒவ்வொன்றிலும் ரப்பர் ஸ்டாம்ப். புதிதாகத் தொழில் தொடங்கியவர் அதைப் பிரித்ததும் லாபம் எவ்வளவு என்று ஒரே ஒரு எண்ணைத் தேடுவார். பார்த்த பிறகு ஃபைல் பீரோவுக்குள் போய்விடும். அடுத்த தடவை வெளியே வருவது பாங்கில் லோன் கேட்கும்போதுதான்.

ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பழகி, இப்போது சின்னச் சின்னத் தொழில்களுக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மஞ்சள் வியாபாரம், நாலு தறி ஓடும் பட்டறை, மெஸ், செக்கு எண்ணெய் என்று கலவையாக வருவார்கள். முதல் வருஷ முடிவில் அநேகமாக எல்லோரும் கேட்பது இதுதான்: "ஏனுங்கக்கா, லாபம்னு போட்டிருக்கறீங்க, அந்தக் காசு எங்கீங்க?"

நியாயமான கேள்வி. லாப நட்டக் கணக்கை எத்தனை தடவை புரட்டினாலும் அதற்குப் பதில் கிடைக்காது. ஒரு தேதியில் கடைக்கு என்ன இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று காட்டும் பேலன்ஸ் ஷீட்டில் கிடைக்கும். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் தலைகீழாகத்தான் சொல்லித் தருகிறேன்: முதலில் பேலன்ஸ் ஷீட், அதுவும் இரண்டு தேதிக்கானதை அருகருகே வைத்து. லாப நட்டக் கணக்கு அதற்குப் பிறகு. பாடப்புத்தகத்தில் வரிசை வேறு மாதிரி இருக்கும். பரீட்சை எழுதுகிறவர்களுக்கு அது சரி.

எடுத்துக்காட்டுக்கு ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. நான் பார்க்கும் இரண்டு மூன்று செக்குகளின் எண்களைக் கலந்து, கணக்குப் போட வசதியாக வட்டமாக்கியிருக்கிறேன். நிலக்கடலை எண்ணெய் மட்டும். விவசாயிகள் கொண்டுவரும் கடலையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுக்கும் வருமானத்தையும், தேங்காய் எண்ணெயையும் விட்டுவிட்டேன். எண்கள் எல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காதவை.

தொடங்கிய நாள்

2024 ஏப்ரல் 1. கடைக்காரத் தம்பி சொந்தப் பணம் 4,50,000 ரூபாய் போட்டார். முத்ரா என்ற அரசின் சிறுதொழில் கடன் திட்டத்தில், கிஷோர் பிரிவில் 5,00,000 கடன் வாங்கினார். அதில் செக்கு, மோட்டார், தராசு, டிரம் எல்லாம் சேர்த்து 5,00,000 ஆனது. கடைக்கு அட்வான்ஸ் 1,00,000. மீதி 3,50,000 பாங்கில். அன்றைக்குப் பேலன்ஸ் ஷீட் போட்டால் இவ்வளவுதான்:

பணம் வந்த வழி: முதல் (தம்பி போட்ட சொந்தப் பணம்) 4,50,000, பாங்க் கடன் 5,00,000. மொத்தம் 9,50,000.
பணம் இருக்கும் இடம்: இயந்திரம் 5,00,000, கடை அட்வான்ஸ் 1,00,000, பாங்க் இருப்பு 3,50,000. மொத்தம் 9,50,000.

இரண்டு பக்கமும் சரியாக வருவதில் மாயம் எதுவும் இல்லை. வந்த பணம் எங்கேயாவது இருந்துதானே ஆக வேண்டும்? நம் ஊர்த் தாளில் வந்த வழி இடது பக்கம் "பொறுப்புகள்" என்றும், இருக்கும் இடம் வலது பக்கம் "சொத்துகள்" என்றும் இருக்கும்.

இங்கேயே பலர் முட்டிக்கொள்வார்கள். நான் போட்ட என் பணம் எப்படிப் பொறுப்பு ஆகும்? இந்தத் தாள் உங்களுடையது இல்லை, கடையுடையது. கடையை ஒரு தனி ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் பாங்குக்கு 5 லட்சம் தர வேண்டும், உங்களுக்கு நாலரை லட்சம் தர வேண்டும். அவ்வளவுதான். இதை ஏற்றுக்கொண்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது, ஏனென்றால் வீட்டுச் செலவுக்கு எடுப்பது ஏன் செலவுக் கணக்கில் வராது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கடை காலி செய்யும்போது திரும்ப வரும் பணம் என்பதால் அது சொத்து. அதை வாடகையோடு சேர்த்துச் செலவாக எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. கடையை வாடகைக்கு விட்டவர் உண்மையில் திருப்பித் தருவாரா, சுண்ணாம்பு அடிக்க, கதவு மாற்ற என்று கழித்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

ஒரு வருஷம் கழித்து

2025 மார்ச் 31. அதே வரிகளை அதே வரிசையில் வைத்துப் பாருங்கள். முதல் எண் தொடங்கிய நாள், இரண்டாவது எண் வருஷக் கடைசி.

இயந்திரம்: 5,00,000, இப்போது 4,25,000
கடை அட்வான்ஸ்: 1,00,000, மாற்றமில்லை
சரக்கு: இல்லை, இப்போது 2,30,000
வரவேண்டிய பாக்கி: இல்லை, இப்போது 1,80,000
ரொக்கமும் பாங்க் இருப்பும்: 3,50,000, இப்போது 5,000
சொத்து மொத்தம்: 9,50,000, இப்போது 9,40,000

முதல்: 4,50,000, இப்போது 4,30,000
பாங்க் கடன்: 5,00,000, இப்போது 4,20,000
மண்டிக்குத் தரவேண்டியது: இல்லை, இப்போது 90,000
பொறுப்பு மொத்தம்: 9,50,000, இப்போது 9,40,000

லாப நட்டக் கணக்கு அந்த வருஷம் 1,00,000 லாபம் காட்டியது. கையில் 5,000. இப்போது ஒவ்வொரு வரியின் வித்தியாசத்தையும் எடுத்துப் பணத்தின் பின்னாலேயே போகலாம். கம்பெனிகள் போடும் பணப்புழக்க அறிக்கை, கேஷ் ஃப்ளோ என்பார்களே, அது இதைத் தவிர வேறொன்றும் இல்லை. தனிநபர் தொழிலுக்கு அது கட்டாயம் கிடையாது. 2013 கம்பெனிச் சட்டம் சிறு கம்பெனிகளுக்கும் ஒருநபர் கம்பெனிகளுக்கும்கூட விலக்கு கொடுத்திருக்கிறது. அதனால் உங்கள் ஃபைலில் இந்தத் தாள் இருக்காது. நீங்களே ஒரு நோட்டில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்:

தொடங்கும்போது இருந்த பணம் 3,50,000
லாபம், கூட்டு 1,00,000
தேய்மானம், கூட்டு 75,000
சரக்கில் முடங்கியது, கழி 2,30,000
பாக்கியாக வெளியே நிற்பது, கழி 1,80,000
மண்டிக்கு இன்னும் கொடுக்காதது, கூட்டு 90,000
கடன் அசல் கட்டியது, கழி 80,000
வீட்டுக்கு எடுத்தது, கழி 1,20,000
மீதி 5,000

தம்பியின் காசு எங்கே என்றால், கோடவுனில் மூட்டையாக 2 லட்சம் நிற்கிறது. காலி பாட்டிலும் மூடியும் லேபிளும் 30,000. கடனுக்கு எண்ணெய் எடுத்த கடைக்காரர்களிடம் 1,80,000. யாரும் திருடவில்லை, யாரும் கணக்கை மாற்றவும் இல்லை.

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை உண்டு.

தேய்மானத்தை, அதாவது இயந்திரம் பழசாகி மதிப்பு குறைவதை, ஏன் கூட்டுகிறோம்? வருமான வரி விதிப்படி செக்கு, மோட்டார் போன்ற இயந்திரத்துக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். கம்ப்யூட்டருக்கு 40, மேசை நாற்காலிக்கு 10. வாங்கி ஓட்டிய முதல் வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் பாதிதான். 5 லட்சத்தில் 15 சதவீதம் 75,000. அது செலவாக எழுதப்பட்டு லாபத்தைக் குறைத்துவிட்டது, ஆனால் அந்த 75,000 யார் கைக்கும் போகவில்லை. இயந்திரத்துக்கான பணம் முதல் நாளே போய்விட்டது. ஆகவே பணத்தைத் தேடும்போது திரும்பக் கூட்டுகிறோம். இதை வெறும் காகிதச் செலவு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. உரல் பழுதாகி மாற்றும் நாள் ஒன்று வரும், அன்றைக்குப் பணம் கேட்கும்.

தவணை விஷயம் இன்னும் முக்கியம். தம்பி மாதம் 10,700க்குச் சற்றுக் குறைவாகத் தவணை கட்டினார், வருஷத்தில் 1,28,000. அதில் வட்டி 48,000, அசல் 80,000. வட்டி மட்டும்தான் செலவு. அசல் என்பது கடனைக் குறைப்பது, லாப நட்டக் கணக்குப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது. லாபம் பார்த்துத் தவணையும் கட்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தவணையில் எது வட்டி, எது அசல் என்பது பாங்க் பாஸ்புக்கில் தெரியாது. லோன் கணக்குக்கான ஸ்டேட்மென்டைத் தனியாகக் கேட்டு வாங்கி கணக்கு எழுதுகிறவரிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் முழுத் தவணையையும் ஏதோ ஒரு தலைப்பில் தள்ளிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு எடுத்த 1,20,000, மாதம் பத்தாயிரம். கடை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்துக்கொண்டீர்கள், அதனால் "முதல்" என்ற வரியில் கழியும். 4,50,000 போட்டீர்கள், 1,00,000 லாபம் சேர்ந்தது, 1,20,000 எடுத்தீர்கள், மீதி 4,30,000. சம்பாதித்ததைவிட 20,000 கூட எடுத்திருக்கிறீர்கள். பேலன்ஸ் ஷீட்டில் "முதல்" வரி போன வருஷத்தைவிடக் குறைந்திருந்தால் அதற்குப் பொருள் இதுதான்: கடை உங்களுக்குச் சோறு போடவில்லை, நீங்கள் விதைநெல்லைச் சமைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி லாப நட்டக் கணக்கு

வருஷத்தில் 7,000 லிட்டர் விற்றார், லிட்டர் 280 ரூபாய். அது 19,60,000. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு, கூடவே ஏறக்குறைய 1.4 கிலோ புண்ணாக்கு. 9,800 கிலோ புண்ணாக்கு, கிலோ 40 வீதம் 3,92,000. மொத்த விற்பனை 23,52,000.

பருப்பு 17,500 கிலோ, கிலோ 100 வீதம் 17,50,000. பாட்டில், லேபிள் 56,000. கரண்ட் 48,000. செக்கு ஓட்டும் ஆள் கூலி 1,44,000. இவையெல்லாம் எண்ணெய் ஆட்டுவதற்கே ஆன செலவு. விற்பனையில் கழித்தால் 3,54,000. இதை மொத்த லாபம் என்கிறோம்.

அதற்கு அப்புறம் கடை வாடகை 96,000, வட்டி 48,000, டெலிவரி, போன், சில்லறை 35,000, தேய்மானம் 75,000. ஆக 2,54,000. கழித்தால் நிகர லாபம் 1,00,000.

இரண்டு லாபத்தை ஏன் பிரித்துப் போடுகிறார்கள் என்றால், நோய் வேறு வேறு இடத்தில் இருக்கும். மொத்த லாபம் குறைந்தால் பருப்பு விலை, எண்ணெய் கட்டும் அளவு, விற்கும் விலை இவற்றில் ஏதோ கோளாறு. மொத்த லாபம் நன்றாக இருந்து நிகர லாபம் மெலிந்தால் வாடகையோ வட்டியோ தின்கிறது. மொத்த லாபத்தை விற்பனையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். இங்கே 15 சதவீதம். மாதாமாதம் இந்த ஓர் எண்ணைக் குறித்து வைத்தாலே போதும், எங்கோ ஒழுகினால் மறு மாதமே தெரியும்.

பெரிய எண்களில் நம் ஆட்களுக்கு உறைக்காது என்பதால் நான் எப்போதும் லிட்டர் கணக்குக்கு இறக்கிவிடுவேன். எண்ணெய் 280, புண்ணாக்கு 56, ஆக வரவு 336. பருப்பு 250. கையில் நிற்பது 86. தம்பி மனசில் "லிட்டருக்கு 86 ரூபாய் நிக்குதுங்க்கா" என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டில், கரண்ட், கூலி 35 ரூபாய். வாடகை, வட்டி, தேய்மானம், மற்றதெல்லாம் 36 ரூபாய். மிஞ்சுவது 14 ரூபாய் சொச்சம்.

இந்தப் பதினாலு ரூபாய் எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள். பருப்பு கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் 17,500 கிலோவுக்கு 87,500 கூடுதல். வருஷ லாபம் ஏறக்குறைய முழுக்கப் போயிற்று. ஈரப் பருப்போ சொத்தைப் பருப்போ கலந்து, லிட்டருக்கு 2.5க்குப் பதில் 2.6 கிலோ பிடித்தால் 700 கிலோ கூடுதலாக ஆகும், 70,000 ரூபாய். அதில் பெரும்பகுதி புண்ணாக்காகத் திரும்பி வந்து அதிகபட்சம் 28,000 கொடுத்தாலும், 42,000 லாபத்திலிருந்து போகும். அதனால்தான் செக்கு வைத்திருப்பவர்களிடம் விற்பனை நோட்டுக்கு முன்னால் ஆட்டு நோட்டு கேட்பேன்: எத்தனை கிலோ போட்டீர்கள், எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை கிலோ புண்ணாக்கு. ஆடிட்டர் இதைக் கேட்க மாட்டார். கேட்க வேண்டிய வேலையும் அவருடையது இல்லை.

இன்னொன்று. காலை ஆறு மணியிலிருந்து இரவு ஒன்பது வரை கடையில் நிற்கும் தம்பிக்கு இந்தக் கணக்கில் சம்பளமே இல்லை. தனிநபர் தொழிலில் முதலாளி சம்பளம் செலவாக வராது. அவர் செய்யும் வேலைக்கு மாதம் 12,000க்கு ஓர் ஆளை வைத்திருந்தால் 1,44,000 போயிருக்கும், கணக்கு 44,000 நஷ்டத்தில் முடிந்திருக்கும். முதல் வருஷத்துக்கு இது தப்பில்லை. மூன்றாவது வருஷமும் இப்படியே இருந்தால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

சரக்கும் பாக்கியும்

மார்ச் 31 அன்று மீதி இருக்கும் சரக்கின் மதிப்பைச் சொல்வது நீங்கள்தான். கணக்கு எழுதுகிறவர் உங்கள் கோடவுனுக்கு வந்து மூட்டை எண்ணுவதில்லை. "அக்கா, ஒரு ரெண்டரை லட்சம்னு போட்டுக்குங்க" என்று போனில் சொல்வார்கள். சரக்கை 50,000 கூட்டிச் சொன்னால் லாபமும் அப்படியே 50,000 கூடும். ஒரு லட்சம் ஒன்றரை லட்சமாகிவிடும், விற்பனை ஒரு லிட்டர்கூட ஏறாமலேயே. லோன் வாங்க இப்படிக் கூட்டிச் சொல்பவர்கள் மறு வருஷம் சிக்குவார்கள், ஏனென்றால் இந்த வருஷக் கடைசிச் சரக்குதான் அடுத்த வருஷத் தொடக்கச் சரக்கு. கூட்டிய 50,000 அங்கே லாபத்தைக் குறைத்துக்கொண்டு நிற்கும்.

ஆகவே மார்ச் 31 சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு எண்ணுங்கள். எடை போடுங்கள். வாங்கிய விலையா, இன்றைய விலையா என்றால் இரண்டில் எது குறைவோ அது. 100 ரூபாய்க்கு வாங்கிய பருப்பு இன்றைக்கு 92க்குக் கிடைக்கிறதென்றால், எண்ணெய் விலையும் அதோடு இறங்கியிருந்தால் 92தான் போட வேண்டும். வண்டு விழுந்ததையும் காறல் அடித்த எண்ணெயையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கழித்துவிடுங்கள்.

தம்பி மார்ச்சில் விலை சாதகமாக இருந்தது என்று 2,000 கிலோ வாங்கிப் போட்டார். மாதத்துக்கு அவருக்குத் தேவை 1,450 கிலோ சொச்சம். ஒன்றரை மாதச் சரக்குக்கும் குறைவு, அதில் பெரிய குற்றமில்லை. ஆனால் 30,000 ரூபாய்க்குக் காலி பாட்டில்? மாதம் 4,700 ரூபாய்ப் பாட்டில் செலவாகும் கடையில் அது ஆறு மாதத்துக்கு வரும். மொத்தமாக எடுத்தால் பாட்டிலுக்கு ஒரு ரூபாய் குறையும் என்று சப்ளையர் சொல்லியிருப்பார். அந்த ஒரு ரூபாயைச் சேமிக்கப் போய்த்தான் பாங்கில் ஐயாயிரம்.

பாக்கிக்கு வருவோம். 1,80,000 என்பது மொத்த விற்பனையில் எத்தனை நாள்? 1,80,000ஐ 23,52,000ஆல் வகுத்து 365ஆல் பெருக்கினால் 28 நாள். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கடைக்கு வந்து பாட்டில் வாங்குகிறவர் அங்கேயே ஜிபே செய்துவிடுகிறார். கடன் சரக்கு போவது மளிகைக் கடைகளுக்கும் இயற்கை அங்காடிகளுக்கும் ஒரு ஓட்டலுக்கும் மட்டும், வருஷத்தில் 8 லட்சத்துக்கு. 1,80,000ஐ 8,00,000ஆல் வகுத்துப் பெருக்கினால் 82 நாள். இதுதான் உண்மையான எண். கடன் விற்பனையைத் தனியாகப் பிரிக்காமல் போடும் கணக்கு உங்களைத் தாலாட்டித் தூங்க வைத்துவிடும்.

82 நாள் கடனுக்குச் சட்டத்தில் ஒரு பிடி உண்டு. உத்யம் என்ற அரசுப் பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த வருஷச் செலவாக வருமான வரியில் கழிக்கவும் முடியாது, பணம் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்கலாம். எதிர்க்கடை அண்ணாச்சியிடம் போய்ச் சட்டம் பேச முடியாதுதான். ஆனால் பெரிய அங்காடிகளின் கணக்குப் பிரிவுக்கு, பில்லின் கீழே உத்யம் எண்ணை அச்சிட்டு அனுப்பிப் பாருங்கள். மார்ச் மாதத்தில் அவர்களே போன் செய்வார்கள்.

தாளில் தலைகாட்டக் கூடாத சில

பேலன்ஸ் ஷீட்டில் "சஸ்பென்ஸ்" என்று ஒரு வரி இருந்தால், கணக்கு எழுதியவருக்கு எது எதற்கென்று தெரியாமல் போட்டு வைத்த தொகை அது. கையெழுத்துப் போடுவதற்கு முன் உட்கார்ந்து பிரித்து முடியுங்கள். பாதி, உங்கள் ஜிபேயில் போன பள்ளிக்கூட ஃபீஸும் காஸ் சிலிண்டருமாக இருக்கும். கடைக்கும் வீட்டுக்கும் ஒரே பாங்க் கணக்கு வைத்திருக்கும்வரை இது தீராது. முதல் மாதமே கடைக்குத் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

ரொக்கம் மைனஸில் இருப்பதும் அப்படித்தான். கல்லாப் பெட்டியில் இல்லாத பணத்தை எடுத்து யாரும் செலவு செய்ய முடியாது. மைனஸ் காட்டினால் ஏதோ விற்பனை எழுதப்படவில்லை, அல்லது மாமனார் கொடுத்த கைமாற்று எழுதப்படவில்லை. கைமாற்று என்றாலும் அது கடன், பொறுப்புப் பக்கத்தில் அவர் பெயரோடு இருக்க வேண்டும்.

வசூல் செய்த ஜிஎஸ்டி உங்கள் வருமானம் ஆகாது. 20ஆம் தேதி வரை உங்கள் கணக்கில் தங்கும் அரசாங்கப் பணம், பொறுப்புப் பக்கத்தில் நிற்கும். அதை எடுத்துப் பருப்பு வாங்கிவிட்டுப் பத்தொன்பதாம் தேதி பதறுவது ஈரோட்டில் ஒரு மாதாந்திரத் திருவிழா.

வருமான வரித் தாளையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விற்பனை 2 கோடிக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கு, உத்தேச லாபம் காட்டும் வழி ஒன்று உண்டு, 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து 44ஏடி என்பார்கள். பாங்க் வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதமும் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும் குறைந்தபட்ச லாபமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வேண்டியதில்லை. தம்பியின் 23,52,000க்கு முழுக்க 8 சதவீதம் என்றால் 1,88,160. அது வரிக்காகக் காட்டும் எண். கடையின் லாபம் ஒரு லட்சம்தான். அந்த வழியில் போகிறவர்கள் நிரப்பும் ஐடிஆர்-4 என்ற வரிப் படிவமும் சரக்கு, வரவேண்டியது, தரவேண்டியது, ரொக்கம் ஆகிய நான்கையும் கேட்கிறது. பலர் மனசுக்குத் தோன்றியதை நிரப்பி அனுப்புகிறார்கள், இரண்டு வருஷம் கழித்துப் பாங்க் மேனேஜர் அதையே எடுத்து வைத்துக் கேள்வி கேட்கிறார்.

பாங்க்காரர் பார்க்கும் கண்

அவர் முதலில் பார்ப்பது, ஒரு வருஷத்துக்குள் பணமாகக் கூடியவற்றையும் ஒரு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டியவற்றையும். சரக்கு, பாக்கி, ரொக்கம் சேர்ந்து 4,15,000. மண்டிக்கு 90,000, அடுத்த வருஷம் கட்ட வேண்டிய அசல் ஏறக்குறைய 89,000, ஆக 1,79,000. வகுத்தால் 2.3. பாங்குகள் வழக்கமாக 1.33 இருந்தால் போதும் என்பார்கள். காகிதத்தில் தம்பி நல்ல நிலைமையில் இருக்கிறார். சரக்கை நீக்கிவிட்டு வகுத்தால் 1.03, அதுவும் 82 நாள் பாக்கி முழுவதும் வந்தால். எனக்கு இரண்டாவது எண்ணில்தான் நம்பிக்கை.

எத்தனை லிட்டர் விற்க வேண்டும்

இதற்குத்தான் இத்தனை தாளையும் படித்தோம். விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் செலவு: வாடகை 96,000, கூலி 1,44,000, வட்டி 48,000, சில்லறை 35,000, தேய்மானம் 75,000. மொத்தம் 3,98,000. ஒவ்வொரு லிட்டரிலும் நிற்கும் 86இல் பாட்டிலும் கரண்டும் போக 71 ரூபாய். 3,98,000ஐ 71ஆல் வகுத்தால் 5,600 லிட்டர், மாதத்துக்கு 470 லிட்டர் அளவில். அதற்கு மேல் விற்றால் லாபம். தம்பி விற்பது மாதம் 583. லாபக் கோட்டைத் தாண்டிவிட்டார்.

இப்போது அதே கணக்கைப் பணத்துக்குப் போடுங்கள். தேய்மானம் 75,000ஐ நீக்குங்கள். அசல் 80,000, வீட்டுக்கு 1,20,000 இரண்டையும் சேருங்கள். 5,23,000. 71ஆல் வகுத்தால் ஏறக்குறைய 7,370, மாதத்துக்கு 614 லிட்டர். லாபத்துக்கு 470, மூச்சு விடுவதற்கு 614. தம்பி இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறார், மாதம் 30 லிட்டர் குறைவாக. சரக்கும் பாக்கியும் இன்னும் ஒரு ரூபாய்கூட ஏறாமல் இருந்தாலும் மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் எங்கிருந்தாவது வர வேண்டும்.

அவரிடம் நான் சொன்னது மூன்று. பாட்டில் இனி இரண்டு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள். கடன் கடைகளில் 45 நாள் தாண்டியவர்களுக்குப் பழைய பில் வந்தால்தான் அடுத்த பெட்டி. ஆட்டு நோட்டை எழுதுங்கள். பாக்கி 82 நாளிலிருந்து 45க்கு இறங்கினால் 80,000 ரூபாய் கைக்கு வரும், விற்பனை ஏறாமலேயே.

மாதம் பத்தாம் தேதிக்குள் கணக்கு எழுதுகிறவரிடம் போன மாதக் கடைசிப் பேலன்ஸ் ஷீட்டைக் கேளுங்கள். டேலியில் அதைத் திறந்து ஆல்ட்டும் சி-யும் அழுத்தித் தேதி கொடுத்தால் முந்தைய மாதத்துக்கு இன்னொரு பத்தி பக்கத்திலேயே வந்து நிற்கும். சரக்கு, வரவேண்டியது, தரவேண்டியது, ரொக்கம், முதல் என்று ஐந்து வரியை மட்டும் பாருங்கள், ஏறியதா இறங்கியதா என்று. "வருஷக் கடைசியிலதாங்க போடுவோம்" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு மார்ச் வரை அதைத் திறக்காத ஆட்களிடம் மாட்டிக்கொண்ட கடைகளை நிறையப் பார்த்தாயிற்று.